ஹாலோவீனுக்குக் கொடுத்த பசாம்

எங்கள் குடியிருப்பில் ஹாலோவீன் எந்த ஆண்டு தொடங்கியது என்று யாராவது கேட்டால் 2001 என்று சொல்வேன். அதற்கு முந்திய ஆண்டும் இரண்டு பிள்ளைகள் பேய் முகமூடியோடு வந்து எங்கள் கதவு மணியை அடித்தார்கள். ஆனால் அவர்கள் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அல்ல, யாரையோ பார்க்க வந்தவர்கள். அதனால் நான் அந்த ஆண்டைச் சேர்ப்பதில்லை. இப்படிப்பட்ட விஷயங்களில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒஸ்லோவின் குரோருட்டில் அந்தத் தொடர்மாடிக்கு நாங்கள் எப்போது வந்தோம், கீழ்மாடியில் யாருக்குப் பிறகு யார் குடிவந்தார்கள், தமிழ்ப் பூசை எந்தக் கத்தோலிக்கக் கோயிலில் எந்த ஆண்டு வரை நடந்தது என்பதையெல்லாம் கேட்ட உடனே சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன் என்பது என் மனைவியின் குறை.

கீழ்மாடியில் இருந்த நோர்வேஜிய முதியவருக்கு இந்தப் புதுக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை. "நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகுதான் வேஷம் போட்டு வீடு வீடாகப் போவோம். இது அமெரிக்கக் குப்பை" என்று மின்தூக்கியில் நின்று சொன்னார். ஆனாலும் பிள்ளைகள் மணியடித்தால் கதவைத் திறந்து ஆளுக்கொரு கரட் கொடுத்தார்.

என் மனைவிக்கு வேறு காரணம். "பேய்க்குக் கொண்டாட்டம் வைக்கிற சனத்தோடை என்ரை பிள்ளை போகத் தேவையில்லை" என்றாள்.

"பேய்க்கு இல்லையப்பா. சகல அர்ச்சிஷ்டவர்களின்ரை, புனிதர்களின்ரை திருநாளுக்கு முந்தின இரவு. அந்தப் பேருக்கு அர்த்தமே அதுதான். எங்கட திருநாள்தான் கடல் தாண்டிப் போய் வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கு."

"நீங்கள் புத்தகத்திலை வாசிச்சால் பேயும் ஞானஸ்நானம் எடுத்திடும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் சம்மதம் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். மகள் உடனே முகத்துக்கு வெள்ளை பூசப் போய்விட்டாள்.

நான் எழுத வந்தது 2003ஆம் ஆண்டைப் பற்றி. மகளுக்கு அப்போது பதினொரு வயது. அந்த ஆண்டு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போவதோடு நிறுத்தாமல், நிலவறையில் ஒரு பேய் வீடு அமைக்கப் போவதாக முடிவெடுத்தார்கள். எங்கள் நிலவறை யுத்த காலத்துக்கென்று கட்டிய பாதுகாப்பு அறை. தடித்த சுவர், ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கதவு. யுத்தம் வராததால் அதற்குள் சைக்கிள்களும் பனிச்சறுக்குக் கட்டைகளும் கிடந்தன. அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டித் தொங்கவிட்டு, ஒரு கிண்ணத்தில் அவித்த நூடில்ஸைக் குடல் என்றும், இன்னொன்றில் தோலுரித்த திராட்சைப் பழங்களைக் கண் என்றும் வைத்து, இருட்டில் கையை விட்டுத் தடவச் சொல்வார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு. என் மகளுக்கு இசை.

கடையில் அந்தக் காலத்தில் ஒரு சீடி விற்றார்கள். கதவு கிரீச்சிடும், ஓநாய் ஊளையிடும், ஓர்கன் முழங்கும், இடையில் ஒரு ஆண் குரல் நெடுநேரம் சிரிக்கும். மகள் அதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாப் பிளாக்கிலையும் இதைத்தான் போடுவினம். ஒருதருக்கும் பயம் வராது. எந்த இடத்திலை சிரிப்பான் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் போதும். நூலகத்துக்குப் போய்ப் பேய்ப் பாட்டு, பிளாக் மெட்டல் இசை, பழைய பயங்கரப் படங்களின் இசை என்று கிடைத்ததையெல்லாம் இரவல் எடுத்து வந்தேன். ஒரு வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் வழியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். மணியோசை, சின்னப் பிள்ளைகள் மிகவும் உச்சத்தில் பாடுவது, வயலின் கம்பியில் விரலை வழுக்க விடுவது. கடைசியில் ஒன்று கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எந்த நாட்டுப் பாட்டானாலும் கேட்பவருக்குப் பயம் வருவது குரல் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கி இறங்கும்போதுதான். நின்றால் பாட்டு, வழுக்கினால் பேய். இதை மகளுக்கு இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன்.

"அப்பா, நீங்கள் ஹாலோவீனுக்கும் வீட்டுப்பாடம் செய்யிறீங்கள்" என்றாள்.

பிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். "இது எங்கட திருநாள்தான் எண்டு சொன்னீங்கள் எல்லோ. அப்ப எங்களுக்கு இதுக்குப் பாட்டு இல்லையா?"

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு சந்தோஷத்தைத் தந்தது என்பதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. அந்நேரம் மனைவி வீட்டில் இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு அந்த வாரம் பின்னேர வேலை. நான் எழுந்து போய், முந்திய தவக்காலத்தில் நான் பதிவுசெய்த ஒலிநாடாவை எடுத்து வந்து போட்டேன்.

அந்த நாடாவில் இருந்தது பசாம். தவக்கால மாலைகளில் எங்கள் கத்தோலிக்கர் கூடியிருந்து படிக்கும் ஒப்பாரி அது. இயேசு பட்ட பாடுகளை, பெரும்பகுதி அவருடைய தாய் அழுவதாக. யாரும் அதைப் பாடுவதாகச் சொல்வதில்லை, படிப்பதாகத்தான் சொல்வார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். ஒஸ்லோவில் அடியெடுத்துக் கொடுக்கத் தெரிந்தவள் என் மனைவிதான். அவள் மன்னார்ப் பக்கம். நான் தீவுப் பக்கம். எங்கள் பக்கத்தில் அடி முடிந்தால் முடிந்தது. அவள் முடிக்கமாட்டாள். கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகும் குரல் விடாமல் மெல்ல மெல்ல இறங்கிப் போகும், மூச்சு முடியும் வரை போகும். எங்கள் பெண்கள் அதைப் பகிடி பண்ணுவார்கள். "அக்கா, உங்கட இழுவை முடியிறதுக்குள்ளை உயிர்ப்பு ஞாயிறு வந்திடும்" என்று ஒருத்தி ஒருமுறை சொன்னாள். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் இழுவையை ஒரு விரல்கடையும் குறைக்கவில்லை.

ஏன் குறைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு தம்பி இருந்தார். 1990இல் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன ஒரு படகில் ஏறினார். படகு போய்ச் சேரவில்லை. உடல் கிடைக்காததால் அடக்கம் நடக்கவில்லை, அடக்கம் நடக்காததால் யாரும் கூடி அழவில்லை. "அவன் வருவான்" என்று சொல்லி அவர்களுடைய தாய் வீட்டில் யாரையும் அழவும் விடவில்லை. அடுத்த ஆண்டு என்னை மணமுடிக்க ஒஸ்லோவுக்கு வந்து இறங்கியபோது என் மனைவி தம்பியைப் பற்றி நிகழ்காலத்தில்தான் கதைத்தாள். தம்பிக்கு மீன் பிடிக்கும், தம்பிக்குக் கோபம் கூட என்று. பல ஆண்டுகள் கழித்து, ஒரு பெரிய வெள்ளி முடிந்து வீடு திரும்பும்போது, அவளாக ஒரே ஒருமுறை சொன்னாள்: "மாதாவுக்கு எண்டு படிக்கேக்கை அழுதால் ஒருதரும் ஒண்டும் கேக்காயினம்."

நான் அதைக் கேட்டேன். விளங்கிக்கொண்டேன். அடுத்த தவக்காலத்தில், சமையலறையில் காற்றாடியை நிறுத்தி, சலவை இயந்திரத்தை நிறுத்தி, அவள் படிக்கப் பதிவுசெய்தபோதும் அவள் யாருக்காகப் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் ஒலி அளவைக் காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. மாமா ஒருவர் இல்லை என்பது மட்டும் தெரியும்.

நாடா ஓடியது. முதல் இழுவை இறங்கி முடிந்ததும் மகள் கையை நீட்டிக் காட்டினாள். மயிர் குத்திட்டு நின்றது. "அப்பா, இது *ஷிக்கெலி ஸ்குமெல்ட்*" என்றாள். உண்மையிலேயே பயமாக இருக்கிறது என்று அர்த்தம். அவள் வயதுப் பிள்ளைகள் ஒரு பொருளைப் பற்றி நோர்வேஜிய மொழியில் சொல்லக்கூடிய உயர்ந்த பாராட்டு.

"இது அம்மாவா?"

"ஓம்."

"அம்மா ஒண்டும் சொல்லமாட்டாவா?"

"அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

நான் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னேர வேலை, நேரம் கிடைக்கவில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். காலையில் ஒன்றாகத்தான் தேநீர் குடித்தோம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

ஏன் இவ்வளவு ஆசைப்பட்டேன்? பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் பலநாட்டுக் கலாசார மாலை நடக்கும். நாங்கள் வடை கொண்டுபோவோம். சோமாலியர்கள் சம்பூசா கொண்டுவருவார்கள். எல்லாரும் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள், அடுத்த ஆண்டும் அதையே கேட்பார்கள். எங்களிடம் வடையைத் தவிர வேறும் உண்டு என்று எனக்கு எப்போதும் ஒரு பொருமல். இப்போது அந்தப் பிள்ளைகளின் திருவிழாவின் நடுவிலேயே, சில நூறு ஆண்டுப் பழமையுள்ள ஒன்று, எங்கள் மொழியில் ஒலிக்கப் போகிறது. வடை தின்பது போல அல்லாமல் நின்று கேட்பார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

நாடாவைக் கணினியில் ஏற்றி இரைச்சலை நீக்கினேன். மகள் எதிரொலி வேண்டும் என்றாள். அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. கொஞ்சம் போட்டேன். "இன்னும்" என்றாள். இன்னும் போட்டேன். பிறகு சீடியில் பதித்து, ஒருமுறை ஓடவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

ஒக்டோபர் 31 வெள்ளிக்கிழமை. மாலையே இருட்டிவிட்டது. நான் இரும்புக் கதவடியில் நின்று பிள்ளைகளை மூன்று பேர் மூன்று பேராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். வரிசை படிக்கட்டு வரை நின்றது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள், பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகள், அடுத்த பகுதியான ரொம்சோஸிலிருந்தும் சிலர். உள்ளே சீடி ஓடியது. சுவர்கள் சீமெந்து என்பதால் நான் போட்ட எதிரொலிக்கு மேல் அறையும் தன் எதிரொலியைப் போட்டது.

உள்ளே போனவர்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். ஓடிவந்து திரும்பவும் வரிசையில் நின்றார்கள். "அந்தப் பொம்பிளை என்ன சொல்கிறாள்?" என்று ஒரு பையன் நோர்வேஜிய மொழியில் என்னைக் கேட்டான். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "அவளுடைய மகன்..." என்று தொடங்கியதும், "மகனைத் தின்றுவிட்டாளா?" என்றான் பின்னால் நின்றவன். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு அந்த முதல் பையன் இழுவையைப் பிடித்துக்கொண்டான். அடி முடிந்ததும் உள்ளே என் மனைவியின் குரல் இறங்கும், வெளியே இவனும் தலையைப் பின்னால் சாய்த்து ஓநாய் போல, ஊஊ என்று அதே வழியில் இறங்குவான். அடுத்த அடிக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். அதற்கடுத்த அடிக்கு வரிசை முழுவதும். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வதுதான் பசாமின் முறை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் அந்த முறைக்கு வந்துவிட்டார்கள். அதை நினைத்து நான் வியந்துகொண்டு நின்றேன். சுருதி கூடப் பிசகவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்போது படிக்கட்டில் என் மனைவியைக் கண்டேன். வேலையால் வந்த சப்பாத்தோடு, இரண்டு கையிலும் கடைப் பைகளோடு, மேலே போகாமல் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் தலைவி, நல்ல மனம் கொண்ட பெண்மணி, காதைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"ஐயோ, இந்தக் கிழவியை எங்கேயிருந்து பிடித்தார்கள்? அசல் சூனியக்காரி!" என்று என் மனைவியிடம் நோர்வேஜிய மொழியில் சொன்னார். "பயமாக இல்லையா?"

"ஓம், சரியான பயமாத்தான் இருக்கு" என்று என் மனைவியும் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். சிரித்தும் காட்டினாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் நான் செய்ததை எத்தனையோ தரம் மனதில் திருத்திப் பார்த்திருக்கிறேன். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். எப்படி இருக்கிறது என்று கேட்பது போல. அவள் தலையை ஆட்டிவிட்டு, பைகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு மேலே போனாள்.

நான் உள்ளே போய் அதை நிறுத்தியிருக்கலாம். வரிசையில் இன்னும் பிள்ளைகள் நின்றார்கள். எல்லாரும் போய்வரும் வரை கதவடியில் நின்றேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் எனக்கு முன்னமே ஓடிவந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அந்தப் பாட்டு எங்கே எடுத்தது என்று கேட்டார்களாம். ஒருத்தி அழுதேவிட்டாளாம்.

"நீ என்ன சொன்னனி?" என்று மனைவி கேட்டாள்.

"நெட்டிலை எடுத்தது எண்டு சொன்னனான்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மகள் அம்மாவின் குரலை மறுத்துவிட்டாள் என்பதற்காக அல்ல, நிர்வாகக் குழுத் தலைவிக்கு உண்மை தெரியவராது என்பதற்காக. அப்படி ஒரு ஆறுதல் எனக்குள் வந்தது என்பதை நான் மனைவியிடம் சொன்னதில்லை.

மகள் முகம் கழுவப் போனாள். மனைவி கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எதிரொலி ஆர் போட்டது?"

"நான்தான்."

"வடிவாப் போட்டிருக்கிறீங்கள்." துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "தண்ணிக்குள்ளையிருந்து கூப்பிடுற மாதிரிக் கிடந்தது" என்றாள்.

அவ்வளவுதான். மீனைத் தூக்கித் திரும்ப வெட்டத் தொடங்கினாள். குரல் உயரவில்லை. நான் "இல்லையப்பா, பிள்ளை கேட்டாள்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். பதினொரு வயதுப் பிள்ளையின் பின்னால் ஒளிவது எனக்கே கேவலமாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, நவம்பர் 2, சகல ஆத்துமாக்களின் திருநாள். பூசை முடிந்து எல்லாரும் சேமக்காலைக்குப் போனோம். அங்கே வேறெங்கோ அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கென்று ஒரு நினைவிடம் உண்டு. ஒஸ்லோவில் எங்களுக்குக் கல்லறைகள் குறைவு, அதனால் எங்கள் மெழுகுதிரிகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் எரியும். குளிர்காற்றுக்குத் திரியைக் கையால் மறைத்துக்கொண்டு பெண்கள் வட்டமாக நின்றார்கள்.

"அக்கா, ரெண்டடி எடுங்கோவன். இண்டைக்கு ஆத்துமாக்கள் காத்துக்கொண்டெல்லோ நிக்குதுகள்."

"தொண்டை சரியில்லை."

"உங்களுக்கா? அப்ப எங்களுக்கு இண்டைக்கு நேரத்துக்கு வீட்டை போகலாம்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கிய நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பையன், வெள்ளிக்கிழமை வரிசையில் நின்ற எங்கள் தமிழ்ப் பையன்களில் ஒருவன், என் மகளைப் பார்த்து அந்த இழுவையை ஊளையிட்டுக் காட்டினான். அவனுடைய தாய் திரும்பி அவன் தோளில் ஒன்று வைத்தாள். "சேமக்காலையிலை நிண்டு என்னடா ஊளை? நாயா நீ?" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. என் மகள் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. என் மனைவி தன் மெழுகுதிரியைக் கீழே வைத்து, அது சரியாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்தாள்.

அன்றிரவு மகள் எங்கள் அறைக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். மனைவி அவளை இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்தாள். "உனக்குத் தெரியாதுதானே, பிள்ளை" என்றாள். அந்த வாக்கியம் யாருக்காகச் சொல்லப்பட்டதோ தெரியாது. எனக்குத் தெரியும் என்பதைத்தான் நான் அதில் கேட்டேன்.

நானும் கேட்டேன், நத்தாருக்கு முன் ஒருநாள். "மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவள் போலப் பார்த்தாள். "நீங்கள் என்ன செய்தனீங்கள்? பிள்ளையளின்ரை விளையாட்டு" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், வாசித்ததிலிருந்து ஒரு நியாயம் எடுத்திருப்பேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. சமையலறையில் வேலை செய்யும்போது முணுமுணுக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. அது நின்றுவிட்டதைத் தை மாதத்தில்தான் கவனித்தேன். எந்த நாளில் நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தேதி தெரியாமல் போன விஷயம் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

தவக்காலம் தொடங்கியதும் தொலைபேசி அழைப்புகள் வந்தன. "அக்கா, இந்தமுறை நீங்கள் இல்லாட்டி ஆர் துவங்கிறது? எங்களுக்கு முதல் சொல்லே வராது." "பாப்பம்" என்று சொல்லி வைத்தாள். அந்த அழைப்புகளுக்கெல்லாம் நான் பக்கத்து அறையில் காது கொடுத்தபடி இருந்தேன். ஒஸ்லோவில் பசாம் நின்றுபோய்விடுமே என்ற கவலை எனக்கு இருந்தது உண்மை. ஆனால் பெரிய கவலை அது அல்ல. தம்பிக்காக அழ அவளுக்கு இந்தப் பூமியில் ஒரே ஒரு இடம் இருந்தது. அங்கேயும் இனிப் போக முடியாமல் செய்துவிட்டேனா என்பதுதான்.

2004 ஏப்ரல் 9, பெரிய வெள்ளி. கோயில் நிறைந்திருந்தது. ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலேறி வந்த குடும்பங்கள் பிந்தி வந்து பின்னால் நின்றன. சிலுவையை முத்தமிடும் சடங்கு முடிந்ததும் பெண்கள் முன்வரிசையில் கூடினார்கள். என் மனைவி போவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போனாள். எனக்குப் பக்கத்தில் இருந்த மகள் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அடியெடுத்தாள். குரல் சுத்தமாக, உறுதியாக வந்தது. கடைசிச் சொல் வந்தது. அதோடு நின்றாள்.

கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. பல ஆண்டுப் பழக்கம், முடிவில் எல்லாரும் இழுக்கத் தொடங்கினார்கள். அந்த இழுவை பாதி இறங்கு முன்னமே அவள் அடுத்த அடியை எடுத்துவிட்டாள். இரண்டும் மோதின. சிலர் தடுமாறினார்கள், ஒரு வயதானவர் மட்டும் தனியாக இழுத்துப் பாதியில் விட்டார். மூன்றாவது அடியிலும் அப்படியே. ஐந்தாவது, ஆறாவது அடிக்குள் கூட்டம் அவளைப் புரிந்துகொண்டது. அவள் நிறுத்தும் இடத்தில் தானும் நிறுத்தியது. நான் மட்டும் நிறுத்தாமல் இழுக்கலாமா என்று ஒரு தரம் வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி வரை அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அழவில்லை.

வெளியே வந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, இந்தமுறைதான் திறம். இழுபடாமல், நேர்த்தியா, சின்னாக்களும் சேர்ந்து சொல்லக்கூடிய மாதிரி" என்றாள் முன்பு பகிடி பண்ணியவள். மனதாரத்தான் சொன்னாள். என் மனைவி "ஓம், இது லேசு" என்றாள். அதன் பிறகு ஒஸ்லோவில் பசாம் அப்படித்தான் படிக்கப்படுகிறது. இளம் பெண்கள் அதைத்தான் மன்னார் முறை என்று பழகியிருக்கிறார்கள். நான் யாரையும் திருத்தியதில்லை. திருத்தினால் ஏன் மாறியது என்று கேட்பார்கள்.

சுரங்க ரயிலில் மகள் எங்களுக்கு எதிரே இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் இறங்க வேண்டிய இடம் நெருங்கும் வரை நான் பொறுத்திருந்தேன்.

"கடைசியிலை அந்த இழுவையை ஏன் விட்டனீர்?"

அவள் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். "நேரம் போகுதெல்லோ" என்றாள். "சனம் எவ்வளவு நேரம் நிக்கிறது? கால் நோகும்."

"ஒருதருக்கும் நோகாது."

"எனக்கு நோகுது" என்றாள்.

ரயில் நின்றது. மகள் முதலில் எழுந்து, அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். நான் அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்.